ஆய்வுக் கட்டுரையின் படத்தில் நிறுவன லோகோவை ஒட்டலாமா?

ஓர் ஆய்வு மாணவரின் கேள்வி இது: "எங்கள் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கட்டப்படம்தான் என் கட்டுரையின் முதல் படம். அதில் பைதான், டாக்கர், அமேசான் வெப் சர்வீசஸ், வாட்ஸ்அப் நான்கின் லோகோவையும் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறேன். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓபன் ஆக்சஸ் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். ஒவ்வொரு நிறுவனத்திடமும் அனுமதி வாங்க வேண்டுமா? 'லோகோக்கள் அந்தந்த நிறுவனங்களுக்குச் சொந்தம்' என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால் போதாதா?"

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரையில் லோகோ போட்டதற்காக ஒரு நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது அபூர்வம். தொல்லை அந்தப் பக்கத்திலிருந்து வராது, பதிப்பகத்திலிருந்துதான் வரும். அதுவும் கட்டுரை ஏற்கப்பட்டு, எல்லாம் முடிந்தது என்று நீங்கள் மூச்சுவிடுகிற நேரமாகப் பார்த்து வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. ஆரம்ப காலக் கட்டுரை ஒன்றில் ஐந்து லோகோக்களை வரிசையாக அடுக்கி, நீங்கள் சொன்ன அதே நன்றி வரியையும் கீழே போட்டிருந்தேன். மதிப்பாய்வாளர்கள் மூவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ப்ரூஃப், அதாவது வெளியிடுமுன் சரிபார்க்க அனுப்பும் படி, வந்தபோது ஓரத்தில் ஒரு குறிப்பு: "படம் 1-ல் உள்ள ஐந்து சின்னங்களுக்கும் உரிமையாளரின் எழுத்துவழி அனுமதியை அனுப்பவும், அல்லது நீக்கிய படத்தை அனுப்பவும். கெடு: 48 மணி நேரம்." படத்தின் மூலக்கோப்பு வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு நண்பரின் கணினியில் இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் ஜேபெக். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அம்புக்குறி உட்பட எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். லோகோ இருந்த இடத்தில் பெயரை எழுதினேன், அவ்வளவுதான். காலையில் பார்த்தால் பழைய படத்தைவிட இதுதான் தெளிவாக இருந்தது.

பதிப்பகம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று புரிய, ஒரு லோகோவின் மேல் இரண்டு தனித்தனி உரிமைகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைப் பேடன்ட், காப்பிரைட் இரண்டுக்கும் புழங்கிப் புழங்கி இந்த இடத்தில் பெருங்குழப்பம் ஆகிவிட்டது. இங்கே நமக்குத் தேவையானவை இரண்டு. ஒன்று வணிகமுத்திரை, அதாவது டிரேட்மார்க். மற்றது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். பேடன்டுக்கு இதில் வேலையே இல்லை.

வணிகமுத்திரை எதைக் காக்கிறது? 'இந்தப் பொருள் இன்னாரிடமிருந்து வருகிறது' என்ற அடையாளத்தை. வாங்குபவர் குழம்பிப்போகும்படி இன்னொருவர் அதைப் பயன்படுத்தினால்தான் சிக்கல். பதிப்புரிமை எதைக் காக்கிறது? லோகோவை ஒரு ஓவியமாகப் பார்த்து, அதை வரைந்த படைப்பை. கோக கோலாவின் சுழித்த எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-களில் பிராங்க் ராபின்சன் எழுதியது. ஓவியம் என்ற முறையில் அதற்குப் பதிப்புரிமை எப்போதோ காலாவதி. வணிகமுத்திரையோ 1893-ல் அமெரிக்காவில் பதிவாகி இன்றுவரை உயிரோடு இருக்கிறது, புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை இருக்கும். ஒரே சுழிப்பில் ஒரு உரிமை செத்துவிட்டது, இன்னொன்று சாகவே சாகாது. நேற்று வரைந்த, நிழலும் வண்ணச் சாயலும் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப் லோகோவுக்கோ இரண்டு உரிமைகளும் இருக்கும்.

வணிகமுத்திரைப் பக்கம் ஆய்வாளருக்கு ஓரளவு சாதகம்தான். நீங்கள் எதையும் விற்கவில்லை. அவர்களுடைய பொருளை அவர்களுடைய பொருள் என்றுதான் சொல்கிறீர்கள். இப்படிச் சுட்டிக்காட்டுவதற்குப் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகமுத்திரைச் சட்டத்தில் 30-ஆம் பிரிவு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் 14-ஆம் விதி, இரண்டும் 'நேர்மையான நடைமுறைக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையோடு இதை அனுமதிக்கின்றன.

ஆனால் சுட்டிக்காட்ட பெயர் போதுமா, லோகோவே வேண்டுமா? அமெரிக்க நீதிமன்றங்கள் இதை நன்றாக அலசியிருக்கின்றன. 1992-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் இசைக்குழுவின் பெயரைப் பத்திரிகைகள் பயன்படுத்திய வழக்கில் மூன்று கேள்விகளை வகுத்தது. அந்த முத்திரையைச் சொல்லாமல் பொருளை எளிதில் அடையாளம் காட்ட முடியுமா? தேவைக்கு மேல் எடுத்தீர்களா? உரிமையாளரின் ஆதரவு உங்களுக்கு இருப்பதுபோல் தோன்றுகிறதா? அந்தத் தீர்ப்பிலேயே ஒரு உதாரணம் வருகிறது. போட்டி பானக் கம்பெனி தன் சரக்கைக் கோக கோலாவோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லலாம், ஆனால் அந்தத் தனித்துவமான எழுத்து வடிவத்தை எடுக்கக் கூடாது. அதற்கு முன்பே 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கார்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் மேல் அந்த நிறுவனம் தொடுத்த வழக்கில், அவர் கம்பெனியின் பெயரை மட்டும் எழுதினார், வட்டத்துக்குள் இருக்கும் சின்னத்தையோ அவர்களுடைய எழுத்து வடிவத்தையோ எடுக்கவில்லை என்பது அவருக்குச் சாதகமாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. இவை வியாபாரிகளின் வழக்குகள். ஆய்வாளருக்கு இன்னும் தாராளமாகவே இடம் இருக்கும். ஆனாலும் அடிப்படை தெளிவு: பெயருக்கு உள்ள சுதந்திரம் லோகோவுக்கு அப்படியே இல்லை.

பதிப்புரிமைப் பக்கம் வழுக்கும். வெறும் எழுத்தாலான லோகோக்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமையே கிடையாது. பெயர், குறுஞ்சொற்றொடர், பழகிய குறியீடு, எழுத்து அலங்காரம், நிறப்பூச்சு இவற்றைப் பதிவதில்லை என்று அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் விதியே சொல்கிறது. அதனால்தான் 1972-ல் பால் ராண்ட் வரைந்த ஐபிஎம்மின் எட்டுக் கோட்டு லோகோ, கட்டற்ற படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கிறது. 'காமன்ஸில் இருக்கிறது, ஆகவே இலவசம்' என்று முடிவுகட்டுபவர்கள் அதே பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பட்டையைப் படிப்பதில்லை: இது வணிகமுத்திரை, பயன்படுத்துமுன் கவனியுங்கள். தவிர, எவ்வளவு சொந்தக் கற்பனை இருந்தால் பதிப்புரிமை உண்டு என்ற அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் உரிமையற்றது இன்னோரிடத்தில் உரிமையுள்ளதாக இருக்கலாம். உங்கள் கட்டுரையோ எல்லா நாட்டிலும் படிக்கப்படும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: ஓபன் ஆக்சஸ். பழைய சந்தா முறையில், விமர்சனத்துக்காகவும் ஆய்வுக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்ற விதிவிலக்கைக் காட்டிப் பதிப்பகம் சில சமயம் ஒத்துக்கொள்ளும். ஓபன் ஆக்சஸில் கட்டுரை பெரும்பாலும் சிசி-பை என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகும். அதாவது உலகத்தில் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்காகவும்கூட, உங்கள் படத்தை எடுக்கலாம், வெட்டலாம், மாற்றலாம், மறுபடி வெளியிடலாம். உங்கள் பெயரைச் சொன்னால் போதும். இந்த அனுமதியைக் கொடுப்பது நீங்கள். உங்களுடையது அல்லாத ஒரு லோகோவுக்கும் சேர்த்து நீங்கள் எப்படிக் கொடுக்க முடியும்? பக்கத்து வீட்டுச் சாவியைப் பொதுமக்களுக்குக் கொடுத்த கதைதான். வணிகமுத்திரை உரிமை தன்னில் அடங்காது என்று சிசி-பை 4.0 உரிமமே தன் இரண்டாம் பிரிவில் சொல்லிவிடுகிறது. ஆனால் லோகோவின் பதிப்புரிமைக்கு அப்படி ஒரு தானியங்கி விலக்கு இல்லை. 'இந்தச் சின்னம் இந்த உரிமத்தில் அடங்காது' என்று நீங்கள்தான் படவிளக்கத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் சில ஆய்விதழ்கள் ஏற்கும். சில, முழுப் படமும் ஒரே உரிமத்தில் இருந்தால்தான் போடுவோம் என்று திருப்பி அனுப்பும். இத்தோடு, கட்டுரை ஏற்கப்பட்டதும் நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் ஆசிரியர் ஒப்பந்தம் இருக்கிறதே, அதில் 'இதில் பிறர் உரிமையை மீறிய எதுவும் இல்லை' என்ற உறுதிமொழி பெரும்பாலும் இருக்கும். பிரச்சினை வந்தால் பொறுப்பு உங்களுக்கு.

'லோகோக்கள் அந்தந்த நிறுவனங்களுக்குச் சொந்தம்' என்ற அந்த நன்றி வரி என்ன செய்கிறது என்று இப்போது பாருங்கள். உடைமை யாருடையது என்று ஒப்புக்கொள்கிறது. அனுமதி வாங்கியதாக அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மேற்கோள் காட்டுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. ஆய்வாளர்களுக்கு எல்லாவற்றையும் மேற்கோள் காட்டியே தீர்த்துவிடும் பழக்கம், அதனால் வரும் தடுமாற்றம் இது. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவதும் தேவையில்லை. அது உரிமையாளர் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்வது. ஆய்வு உரைநடைக்கு வேண்டாம் என்பதே நடைக் கையேடுகளின் பொதுவான போக்கு.

மென்பொருள் துறையில் இன்னொரு தப்பான எண்ணம் பரவலாக உண்டு: நிரல் திறந்த மூலம் என்றால் லோகோவும் திறந்ததுதான். இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. நிரலை யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் அந்த நரி லோகோ கட்டற்ற உரிமத்தில் இல்லை என்பதால், லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன் குழு லோகோ இல்லாமல் உலாவியை வெளியிட்டது. லோகோ இல்லையென்றால் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரும் கூடாது என்று 2006-ல் மொசில்லா சொல்ல, டெபியனில் அந்த உலாவியின் பெயரே 'ஐஸ்வீசல்' ஆகிவிட்டது. சமாதானம் ஆகிப் பழைய பெயர் திரும்பியது 2016-ல். பத்து வருஷம்! எதிர்முனையில் லினக்ஸின் பென்குயின் டக்ஸ். 1996-ல் அதை வரைந்த லாரி யூயிங் வைத்த நிபந்தனை, யாராவது கேட்டால் தன் பெயரையும் வரையப் பயன்பட்ட கிம்ப் மென்பொருளையும் சொல்ல வேண்டும் என்பது மட்டும். 'யாராவது கேட்டால்' — இவ்வளவு நல்ல மனதோடு எழுதிய உரிமத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கட்டுரையை லேடெக் என்ற ஆவண மென்பொருளில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஃபான்ட் ஆசம் என்ற ஐகான் தொகுப்பை ஏற்றி ஒரு கட்டளை அடித்தால் கிட்ஹப் தளத்தின் பூனை லோகோ எழுத்தோடு எழுத்தாக வந்து நிற்கும். எழுத்துருவாக வருவதால் அது லோகோ என்பதே மறந்துபோகும். அந்தத் தொகுப்பின் ஐகான்கள் சிசி-பை உரிமத்தில் இருந்தாலும், பிராண்ட் ஐகான்கள் அந்தந்த உரிமையாளரின் வணிகமுத்திரை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சிம்பிள் ஐகான்ஸ் திரட்டும் அப்படித்தான்: தொகுப்பு பொதுவுடைமை, உள்ளே இருக்கும் சின்னங்கள் எல்லாம் அல்ல.

அதே சமயம், சில நிறுவனங்கள் கட்டப்படத்துக்கென்றே ஐகான்களை வெளியிடுகின்றன. அமேசான் வெப் சர்வீசஸ், கூகுள் கிளவுட், மைக்ரோசாஃப்ட் அசூர் மூன்றிடமும் இந்தத் தொகுப்பு உண்டு. இவை சேவைகளின் ஐகான்கள். நிறுவனத்தின் லோகோ வேறு. விதிமுறையைப் படித்துவிட்டு எடுங்கள். அசூர் ஐகானை வெட்டாதே, திருப்பாதே, சுழற்றாதே, உன் சொந்தப் பொருளைக் குறிக்கப் போடாதே என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. படத்தில் இடம் போதவில்லை என்று ஐகானைச் சாய்த்து வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஐகான் கிடைத்தாலும் சிசி-பை பிரச்சினை முழுக்கத் தீராது. படவிளக்கத்தில் விலக்கு வரி வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். படமாகவே பார்த்தாலும் லோகோக்கள் பெரும்பாலும் சுமைதான். இரட்டைப் பத்தி ஆய்விதழில் ஒரு பத்தியின் அகலம் சுமார் 8.9 சென்டிமீட்டர். ஐந்து லோகோக்களை இடைவெளி விட்டு அடுக்கினால் ஒன்றுக்கு 1.2 சென்டிமீட்டர் கிடைக்கும். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டுமென்றால் குறுக்கே 142 பிக்சல். வலைப்பக்கத்திலிருந்து எடுத்த 64 பிக்சல் பிஎன்ஜி அங்கே 135 டிபிஐதான் தேறும். அச்சில் புகை படிந்ததுபோல் தெரியும். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் பச்சை வட்டம், நீல வட்டம் எல்லாம் ஒரே சாம்பல். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் லோகோவைப் படிக்காது. பிடிஎஃப்பில் 'டாக்கர்' என்று தேடினாலும் உங்கள் படம் அகப்படாது. பெயரை எழுத்தில் எழுதினால் இந்த நான்கு தொல்லையும் இல்லை.

லோகோ சீக்கிரம் பழசாகவும் ஆகும். 2023 ஜூலையில் ட்விட்டர் பறவை பறந்துபோய் எக்ஸ் வந்தது. அதற்குச் சற்று முன் வெளியான சமூக ஊடகக் கட்டுரைகளின் படங்களைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை நீலப் பறவைகள். 'ட்விட்டர் தரவு, 2021' என்று எழுதியவர் படம் இன்னும் சரியாக இருக்கிறது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. ஆசிரியர் யார், மதிப்பாய்வாளர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாத இரட்டை மறைப்பு மதிப்பாய்வுக்கு அனுப்பும் கட்டுரையில் ஆசிரியர் பெயரை நீக்குவார்கள், நன்றியுரையை நீக்குவார்கள், படத்தின் மூலையில் தங்கள் ஆய்வகத்தின் லோகோ மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். நிதியளித்த நிறுவனத்தின் லோகோவும் அதே வேலையைச் செய்யும். அச்சான பிறகோ, வாசகருக்கு அது விளம்பரமாகப் படும். நிதி விவரத்துக்கு இடம் கட்டுரையின் இறுதி அறிவிப்பில்.

லோகோ கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆராயப்படும் பொருளே லோகோவாக இருக்கும்போது. 1991-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 3 முதல் 6 வயதுவரை உள்ள 229 குழந்தைகளிடம் 22 லோகோக்களைக் கொடுத்து, எந்தப் பொருளுக்குரியது என்று பொருத்தச் சொன்னார்கள். ஆறு வயதுக் குழந்தைகளில் 91 விழுக்காட்டினர் சிகரெட் விளம்பரத்தின் ஒட்டகத்தைச் சரியாகச் சிகரெட்டோடு பொருத்தினார்கள். இப்படி ஓர் ஆய்வில் சின்னத்தைக் காட்டாமல் எதைக் காட்டுவது? புகையிலை உறை, போலி மருந்துப் பெட்டி, வடிவமைப்பு வரலாறு, ஏமாற்று வலைத்தளங்களின் திரைப்பிடிப்பு, இவையெல்லாம் இந்த வகை. இங்கே விமர்சன எடுத்தாளல் என்ற வாதம் வலுவாக நிற்கும்; பதிப்பகத்திடம் அஞ்சாமல் வாதாடுங்கள். ஆனால் எடுத்த சின்னத்தை மாற்றாதீர்கள், அலங்கரிக்காதீர்கள். ஒப்பீட்டில் தோற்ற பொருளின் லோகோ மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுவது இருக்கிறதே, அதைவிட அசட்டுத்தனம் இல்லை. எண்ணைப் போடுங்கள், எண் பேசும்.

ஆய்வகக் கருவியின் புகைப்படத்தில் தயாரிப்பாளர் பெயர் தற்செயலாகத் தெரிவது பெரும்பாலும் பிரச்சினையே அல்ல. அதை அழிக்க ஃபோட்டோஷாப்பைத் திறக்காதீர்கள். படத்தில் கைவைத்தார்கள் என்ற சந்தேகம் லோகோவைவிடப் பெரிய தலைவலி.

நிறுவன லோகோவே அல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான ஒரு சின்னம்: செஞ்சிலுவை. மருத்துவமனை, ஆம்புலன்ஸ், முதலுதவி என்றாலே வெள்ளையில் சிவப்புச் சிலுவை போடுவது பலருக்கும் கைப்பழக்கம். 1949-ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கை தனிநபர்களும் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துவதை எப்போதைக்கும் தடை செய்கிறது. போர்க்களத்தில் 'சுடாதே' என்று சொல்லும் சின்னம் அது. கண்ட இடத்தில் புழங்கினால் அதன் பலம் குறையும். 2017-ல் ஒரு வீடியோ கேமில் சில பிக்சல் அளவே இருந்த சிலுவையைக்கூட பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் மாற்றச் சொன்னது; பச்சையாக மாற்றினார்கள். உங்கள் படத்தில் இருந்தால் நீங்களும் மாற்றிவிடுங்கள்.

அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரி மடல் போதாது. வரைந்த படத்தை இணையுங்கள். எந்த ஆய்விதழ், எந்த உரிமம், அச்சும் மின்வடிவும் இரண்டும் உண்டா என்று எழுதுங்கள். முக்கியமாக சிசி-பை என்பதை மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய அனுமதி பதிப்பகத்திடம் செல்லாது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாண வீட்டு நியாயம், பதிப்பகத்துக்கு அது ஆகாது. எனவே கட்டுரையை அனுப்புவதற்குப் பல வாரங்கள் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் நான்கு லோகோக்கள். பைதான் அறக்கட்டளை, மொழியைச் சுட்டிக்காட்டும் அளவான பயன்பாட்டை ஏற்கிறது. ஆனாலும் 'பைதான்' என்று ஒரு கட்டத்துக்குள் எழுதினால் புரியாதவர் யாரும் உங்கள் வாசகர் அல்ல. டாக்கர் திமிங்கிலம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படத்தில் நீங்கள் சொல்ல வருவது 'கன்டெய்னர்' என்பதை, அதாவது மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டி இயக்குவதை. அந்தச் சொல்லை எழுதி, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை முறையியல் பகுதியில் கொடுங்கள். அமேசானுக்கு நிறுவன லோகோவை எடுத்துவிட்டு, அவர்களுடைய கட்டப்படத் தொகுப்பிலிருந்து நீங்கள் பயன்படுத்திய சேவையின் ஐகானைப் போடலாம், படவிளக்கத்தில் விலக்கு வரியோடு. ஆய்விதழ் முரண்டு பிடித்தால் மேகம் ஒன்றை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு மெட்டா தன் பிராண்ட் பக்கத்தில் தனி விதிகள் வைத்திருக்கிறது. ஒரு படத்துக்காக அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல், பேச்சுக் குமிழி ஒன்றை வரைந்து உள்ளே பெயரை எழுதிவிடுங்கள்.

அப்புறம், மூலக்கோப்பை எஸ்விஜியாக, அதாவது பிறகு திருத்தக்கூடிய வடிவத்தில், உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ப்ரூஃப் வரும்போது 48 மணி நேரம்தான் இருக்கும்.